கிளை வெட்டப் போக எந்த வண்டி?

கேள்வி: மா, புளி மரங்களில் கிளை கழித்து, மரம் அறுக்கும் வேலை எடுக்கிறோம். டாடா ஏஸ் போதுமா, பொலேரோ பிக்கப்தான் வேண்டுமா?
- பாலக்கோடு வாசகர்

பதில்: முதலில் கட்டையின் எடையைக் கணக்குப் போடுங்கள். 60 செ.மீ. விட்டம், 1 மீட்டர் நீளமுள்ள பச்சைப் புளியந்துண்டு ஏறக்குறைய 280 கிலோ வரும். ஏஸின் சுமைத்திறன் சுமார் 750 கிலோ. மூன்று துண்டு ஏற்றினாலே தாண்டிவிடும். கூடுதல் பாரத்தில் ஸ்பிரிங் பட்டைகள் தளரும், பின் டயர் சூடேறி வெடிக்கும், தொப்பூர் இறக்கத்தில் பிரேக்கும் பிடிக்காது. அங்கே எந்த வண்டியானாலும் ஏறும் கியரிலேயே இறங்குங்கள். நியூட்ரல் கூடவே கூடாது.

அறுத்த கட்டையையும் நீங்களே ஏற்றுவதென்றால் 1.3 டன் சுமக்கும் பொலேரோ பிக்கப் வாங்குங்கள். மாந்தோப்பில் கவாத்து (கிளை கழிப்பு) மட்டும் என்றால் ஏஸே நல்லது: வரிசைக்குள் எளிதில் திரும்பும். தழை எடையில் குறைவு, இடத்தைத்தான் அடைக்கும். அதனால் பக்கக் கம்பிவலை அடித்து, கிளையை ஒரே திசையில் அடிப்பக்கம் முன்னே வருமாறு அடுக்குங்கள். பாடிக்கு வெளியே நீட்ட வேண்டாம்.

ஆட்களைக் கட்டை மேல் உட்கார வைப்பது சட்டப்படியும் தவறு, உயிருக்கும் ஆபத்து. நாலு பேர் போவதானால் இரட்டைக் கேபின் வண்டி பாருங்கள். சுமைத்திறன் கொஞ்சம் குறையும், பரவாயில்லை.

கேள்வி: பழைய வண்டி வாங்கலாமா?
- காவேரிப்பட்டணம் வாசகர்

பதில்: வாங்கலாம். சேஸிஸில் (வண்டியின் அடிச்சட்டத்தில்) வெல்டிங் தழும்பு இருந்தால் மட்டும் விலை பேசாமலே திரும்பிவிடுங்கள். எஃப்சி (வண்டியின் தகுதிச் சான்று) தேதியையும் பாருங்கள்.