சாம்பாரா, ஆள் கணக்கா: அன்னதானச் செலவு

அன்னதானச் செலவு கட்டுப்படியாகவில்லை, ஆளைக் குறைப்பதா, சாம்பாரைத் தண்ணியாக்குவதா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆளையும் குறைக்க வேண்டாம், சாம்பாரைத் தண்ணியாக்கவும் வேண்டாம். 150 பேருக்கு 5 கிலோ துவரை போடுகிறீர்கள் அல்லவா, அதை 3 கிலோ துவரை, 2 கிலோ பாசிப்பருப்பு என்று மாற்றுங்கள். பாசிப்பருப்பு சீக்கிரம் வெந்துவிடும், கேஸும் மிச்சம். துவரை பெரும்பாலும் வெளிமாநிலத்திலிருந்து வர வேண்டும். பாசிப்பயறு நம் டெல்டாவிலேயே சம்பா, தாளடி நெல் அறுத்த வயலில் விளைகிறது. மாயவரம் பக்கம் என்கிறீர்கள், பங்குனி சித்திரையில் விவசாயியிடமே முழுப்பயறாக வாங்கி உடைத்துக்கொள்ளலாம். கூடவே பரங்கிக்காய் நாலு துண்டு அதிகம் போட்டால் குழம்பு தானாகக் கெட்டிப்படும்.

தைக்குப் பிறகு அரிசியும் கூடுதலாகப் போகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கென்னவோ அங்கேதான் பணம் கரைகிறது என்று படுகிறது. அறுவடை முடிந்த கையோடு மில்லில் மலிவாகக் கிடைப்பது புது அரிசி. அது தண்ணீர் இழுக்காது, குழையும், சோறு காணாது. மூட்டைக்கு மிச்சம் பிடித்ததை அண்டாவில் விட்டுவிடுவோம்.

சோதித்துப் பாருங்கள்: புதுசில் ஒரு கிலோ, பழசில் ஒரு கிலோ தனித்தனியாக வடித்து, சோற்றை எடை போடுங்கள். எது அதிகம் நிற்கிறது என்று பார்த்து, இரண்டின் விலையையும் சோற்றுக் கிலோவுக்கு வகுத்துப் பாருங்கள். மூட்டை விலையை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

ஒன்று மட்டும் கவனம். பாசிப்பருப்பு சேர்ந்த சாம்பார் வெயில் காலத்தில் சீக்கிரம் ஊசிவிடும். விடியற்காலையிலேயே வைத்து இறக்கும் பழக்கம் இருந்தால், பந்திக்கு ஒரு மணி நேரம் முன்பாக மாற்றிக்கொள்ளுங்கள்.