ஸ்டாஃப் ரூமைச் சேர்த்து வைப்பது எப்படி? கேள்வி பதில்

அரசுப் பள்ளியில் இருபத்தொன்பது வருடம் வேலை பார்த்தேன். அதில் கடைசி பதினோரு வருடம் தலைமையாசிரியர். ஆசிரியர்களைச் சேர்ந்து வேலை செய்ய வைப்பது பற்றிக் கேட்டவர்களுக்கு, செய்து பார்த்ததிலிருந்து சொல்கிறேன்.

கேள்வி: சார், பதவி உயர்வில் ஓர் உயர்நிலைப் பள்ளிக்கு ஹெச்.எம். ஆக வந்திருக்கிறேன். ஸ்டாஃப் ரூமில் ரெண்டு கட்சி. கூட்டத்தில் எல்லாரும் தலையாட்டுகிறார்கள், வெளியே போனால் பழைய கதைதான். எங்கே ஆரம்பிப்பது?

ஒற்றுமையைப் பற்றிப் பேசாதீர்கள் டீச்சர். ரெண்டு பேர் சேர்ந்தால்தான் தீரும் என்கிற ஒரு சின்னச் சிக்கலைத் தேடிப் பிடியுங்கள்.

எங்களுக்கு அது மின்சாரப் பாடத்தில் வரும் ஓம் விதியில் கிடைத்தது. "பத்தாம் வகுப்புக்கு வந்தும் சமன்பாடு தெரியல, கணக்கு வாத்தியார் என்னதான் பண்றார்" என்று அறிவியல் ஆசிரியர் சொல்லிக்கொண்டே இருப்பார். அது உரியவர் காதுக்கும் போகும். ஒருநாள் ஒரே மாணவியின் கணக்கு நோட்டையும் அறிவியல் நோட்டையும் வாங்கி, என் மேஜையில் அருகருகே விரித்து வைத்துவிட்டு, ரெண்டு பேரையும் டீக்குக் கூப்பிட்டேன். கணக்கு நோட்டில் 4எக்ஸ் = 12. இரு பக்கமும் நாலால் வகுத்து, விடை 3 என்று அழகாகப் போட்டிருந்தாள். அறிவியல் நோட்டில் 12 வோல்ட், 4 ஓம், மின்னோட்டம் எவ்வளவு? சூத்திரத்துக்கு வரையும் முக்கோணத்தில் எதை எங்கே எழுதுவது என்று மறந்து, பெருக்கி, 48 ஆம்பியர் என்று எழுதியிருந்தாள்.

மின்னோட்டத்தை 4 ஓமால் பெருக்கினால் 12 வோல்ட், ஆக ரெண்டும் ஒரே கணக்கு. அது அவளுக்குத் தெரியவில்லை. ஒருவர் எப்படிச் சொல்லிக்கொடுக்கிறார் என்பது மற்றவருக்கும் தெரியவில்லை. கணக்கு ஆசிரியர் ரொம்ப நேரம் நோட்டையே பார்த்தார். "முக்கோணம் வேண்டாம் சார், நான் வகுக்கிற மாதிரியே நீங்களும் போடுங்க" என்றார். "அப்போ எக்ஸோட நிறுத்தாம, மின்னோட்டத்தையும் ஒண்ணு ரெண்டு கணக்குல வைங்க" என்றார் அறிவியல் ஆசிரியர். அன்றைக்கு நான் பேசியது டீ சொன்னது மட்டும்தான்.

கேள்வி: மூத்த ஆசிரியர் ஒருவர் தன் வகுப்புக்குள் யாரையும் விடமாட்டேன் என்கிறார். உத்தரவு போடலாமா ஐயா?

வேண்டாம். அவர் தயங்குவதில் நியாயம் இருக்கிறது. நம் பள்ளிகளில் வகுப்புக்குள் வெளியாள் வந்தால் ஆய்வு என்று அர்த்தம், குறை எழுதத்தான் வருவார்கள்.

முதலில் உங்கள் வகுப்பைத் திறந்து வையுங்கள். நான் ஒன்பதாம் வகுப்புக்குத் தமிழ் எடுக்கும்போது, புதிதாகச் சேர்ந்த ஆசிரியையைப் பின்னால் உட்காரச் சொன்னேன். "கடைசி பெஞ்ச் பசங்க மூணு பேர் நோட்டே திறக்கல சார்" என்று அவர் மெல்லச் சொன்னபோது சுருக்கென்றிருந்தது. அதை அப்படியே ஸ்டாஃப் ரூமில் எல்லார் முன்னாலும் சொன்னேன். அப்புறம்தான் ஒருவர் தன் வகுப்புக்கு வரச் சொன்னார்.

ஜப்பானில் 'ஜுகியோ கென்கியூ' என்று நூறாண்டுக்கும் மேலான ஒரு வழக்கம் உண்டு. ஆசிரியர்கள் சேர்ந்து ஒரே ஒரு பாடத்தைத் திட்டமிடுவார்கள். ஒருவர் நடத்துவார், மற்றவர்கள் சுற்றி நின்று கவனிப்பார்கள், பிறகு உட்கார்ந்து பேசுவார்கள். அவர்கள் கண் இருப்பது பிள்ளைகள் மேல். எந்தப் பிள்ளை எங்கே தடுக்கியது என்றுதான் குறித்துக்கொள்வார்கள். பாடம் எல்லாருடையதும் என்பதால், சறுக்கினாலும் நடத்தியவர் மேல் பழி விழாது. மூத்தவரிடம் இந்த ஏற்பாட்டைச் சொல்லிப் பாருங்கள்.

கேள்வி: எமிஸ் (கல்வித் துறை இணையதளம்) பதிவு, பயிற்சி, தேர்வு என்று ஓடுகிறோம். சேர்ந்து உட்கார நேரம் ஏது?

டைம் டேபிள் போடும்போதே ஒதுக்க வேண்டும். ஒரே பாடம் எடுப்பவர்களுக்கு வாரத்தில் ஒரு பீரியட் ஒன்றாக ஓய்வு வருகிற மாதிரி அமையுங்கள். பி.டி. பீரியடைப் பிடுங்கி மட்டும் செய்யாதீர்கள், அது பிள்ளைகளுடையது. யாராவது லீவு என்றால் அந்த நேரத்தில் மாற்று வகுப்புக்கு அனுப்பாதீர்கள். அவசரத்துக்கு ரெண்டு தடவை நானே அப்படி அனுப்பிவிட்டேன். மறுபடி எல்லாரையும் நம்பி வரவைக்க அரையாண்டு வரை ஆனது.

கேள்வி: தனியார் பள்ளி ஒருங்கிணைப்பாளர் நான். ஆசிரியர் வாரியாகத் தேர்ச்சி சதவீதத்தை நோட்டீஸ் போர்டில் போடுகிறோம். சரிதானா?

இன்றைக்கே கழற்றிவிடுங்கள் அம்மா. அந்தப் பலகை அங்கே தொங்கும்வரை நல்ல வினாத்தாளை யாரும் பக்கத்து செக்‌ஷனுக்குக் கொடுக்க மாட்டார்கள்.

கேள்வி: எங்களுடையது ஈராசிரியர் பள்ளி. ரெண்டே பேர் யாரோடு சேர்வது?

உங்களுக்குத்தான் இது அதிகம் தேவை தம்பி. 2022-இல் சின்ன வகுப்புகளுக்கு எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தபிறகு, பிள்ளைகளைக் கற்றல் திறன்படி அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்து, மூன்று வகுப்பை ஒரே அறையில் வைத்துச் சமாளிக்கிறீர்கள். பக்கத்து ஊர்ப் பள்ளியிலும் இதே பாடுதான். சுற்றுவட்டாரப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டத்தில் மதியச் சாப்பாட்டுக்கு அவர்களோடு உட்காருங்கள். மொட்டிலேயே நின்றுவிட்ட பிள்ளைகள் நாலைந்து பேராவது இருப்பார்கள் அல்லவா, அவர்களுடைய நோட்டைக் காட்டி, "இந்தப் பிள்ளைக்கு நீங்க என்ன செய்வீங்க?" என்று கேளுங்கள். அவர்களும் தங்கள் பிள்ளைகளைப் பற்றிச் சொல்ல ஆரம்பிப்பார்கள். அடுத்த கூட்டத்துக்குக் கிளம்பும்போது அந்த நோட்டுகளை மறக்காமல் பையில் எடுத்து வையுங்கள்.