அடிபட்ட மிளாவைத் தேடுவது பற்றிக் கேளுங்கள்

போன வாரம் "மகளோடு மிளா வேட்டைக்குப் போன கதை" என்று நான்கு வரி எழுதப்போய், கேள்விகள் வந்து குவிந்துவிட்டன. எனக்குத் தெரிந்தவரை இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில், கிப்ஸ்லாண்ட் பக்கம் ஒன்பது வருடம் வேலை பார்த்தேன். இப்போது சிங்கப்பூரில், ஈசூனில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு. வருடத்துக்கு ஒரு முறை அங்கே போவோம். இப்போது சுடுவது அங்கேயே குடியிருக்கும் மச்சான், தேடுவது நானும் மகளும். ஆகவே எந்தத் துப்பாக்கி நல்லது, எந்த ஸ்கோப் (குறிபார்க்கும் தொலைநோக்கி) வாங்கலாம் என்றெல்லாம் என்னைக் கேட்காதீர்கள். தோட்டா போன பிறகு நடப்பதைக் கேளுங்கள்.

தேக்கா வாசி: மிளா என்றால் சாம்பார் மான்தானே? அது எப்படி ஆஸ்திரேலியாவில்?

அதேதான், கடமான் என்றும் சொல்வார்கள். 1860களில் வெள்ளைக்காரர்கள் நம் பக்கத்திலிருந்து கொண்டுபோய் விக்டோரியாவில் விட்டார்கள். புலியும் இல்லை, செந்நாயும் இல்லை, ஏகத்துக்குப் பெருகிவிட்டது. அங்கே அதை ஆண்டு முழுவதும் வேட்டையாடலாம். நன்கு வளர்ந்த ஆண் 200 கிலோவைத் தாண்டும். புள்ளிமான் அளவுக்குக் கற்பனை செய்துகொண்டு வராதீர்கள், இது மாடு.

உட்லண்ட்ஸ் தம்பி: நம் மண்டாய்க் காட்டிலும் மிளா இருக்கிறதே அண்ணே, அங்கே...?

கேள்வியை முடிக்காமல் விட்டதே நல்லது. இங்கே வனவிலங்குச் சட்டம் இருக்கிறது, ஆயுதச் சட்டம் அதைவிடக் கடுமை. கேமரா எடுத்துக்கொண்டு போங்கள்.

செங்காங் அப்பா: மகனுக்கு 12 வயது. ஜூலையில் என் அண்ணனோடு விக்டோரியாவில் வேட்டைக்குப் போகப் போகிறோம். சுட்டதும் மான் விழாமல் ஓடிவிட்டால் முதலில் என்ன செய்ய வேண்டும்?

உட்கார வேண்டும். நிஜமாகவே.

அதற்கு முன் இரண்டு வேலை. சுடும்போது மான் நின்ற இடம், கடைசியாக அது கண்ணிலிருந்து மறைந்த இடம், இரண்டையும் ஏதாவது ஒரு மரத்தோடு பொருத்தி மனதில் பதிய வையுங்கள். நீங்கள் நின்ற இடத்தில் ஒரு ரிப்பன் கட்டுங்கள். ரிப்பன் கட்டாமல் ஒரு அடி நகராதீர்கள். ஓடையைக் கடந்து எதிர்ச்சரிவுக்குப் போய்ச் சேர்ந்ததும் எல்லா மரமும் ஒன்றுபோலத் தெரியும், "இங்கேதான் நின்றது" என்று நீங்கள் சத்தியம் செய்யும் இடத்திலிருந்து உண்மையான இடம் இருபது மீட்டர் தள்ளியிருக்கும். ஒருவர் சுட்ட இடத்திலேயே நின்று கை காட்ட, இன்னொருவர் போவது இன்னும் நல்லது. அப்புறம் துப்பாக்கியைக் காலி செய்யுங்கள். தேடும்போது சேம்பரில் (சுடத் தயாராகத் தோட்டா நிற்கும் அறை) தோட்டா இருக்கக் கூடாது. இதை இன்னும் இரண்டு முறையாவது சொல்வேன்.

உட்கார்ந்த பிறகு மகனிடம் கேளுங்கள், மான் என்ன செய்தது என்று. நீங்கள் ஸ்கோப்புக்குள் பார்த்துக்கொண்டிருந்தபோது அவன் முழு மானையும் பார்த்திருப்பான். பின்னங்காலை உதைத்துக்கொண்டு பாய்ந்து ஓடியதா? பெரும்பாலும் இதயப் பக்கம். முதுகை வளைத்துக் குறுகிக்கொண்டு மெதுவாக நடந்து போனதா? வயிறு. அப்படியே பொத்தென்று விழுந்து, ஒரு நிமிடத்தில் எழுந்து ஓடியதா? முதுகெலும்புக்கு மேலே உரசியிருக்கலாம், அந்த மான் கிடைப்பது கஷ்டம்.

பொங்கோல் அக்கா: எவ்வளவு நேரம் உட்கார வேண்டும்?

நுரையீரல், இதயம் என்றால் அரை மணி நேரம். ஈரல் என்றால் மூன்று, நான்கு மணி நேரம். குடல் என்றால் ஆறு மணிக்குக் குறையக் கூடாது, பத்து, பன்னிரண்டு ஆனாலும் சரி. நீங்கள் துரத்தாவிட்டால் அது கொஞ்ச தூரத்திலேயே ஒரு புதரில் படுக்கும், படுத்த இடத்திலேயே சாகும். நெருங்கினீர்களோ எழுந்துவிடும், இரண்டாம் முறை எழுந்த மான் எங்கே போகும் என்று யாருக்கும் தெரியாது.

ஜூரோங் வாலிபன்: ரத்தத்தைப் பார்த்தே எங்கே பட்டது என்று சொல்ல முடியுமா?

ஓரளவுக்கு. இளஞ்சிவப்பாக, சோப்பு நுரை மாதிரி குமிழோடு இருந்தால் நுரையீரல், நிம்மதியாகத் தேடலாம். பழுப்பேறிய அடர்சிவப்பு ஈரல். பச்சையும் பழுப்புமாக, அரைத்த புல் கலந்து, குனியும்போதே நாற்றம் வந்தால் குடல். பளிச்சென்ற சிவப்பு, நுரையே இல்லை, முதலில் நிறையக் கொட்டி நூறு மீட்டரில் வற்றிப்போனால் வெறும் சதை, அது பிழைத்துக்கொள்ளவும் கூடும். எலும்புச் சில்லு கிடந்தால் கால்.

முடியை மறந்துவிடாதீர்கள். மிளாவின் மேல்முடி முரட்டுத்தனமாக, கருப்பும் பழுப்புமாக இருக்கும், வயிற்றடி முடி வெளிறியிருக்கும். சுட்ட இடத்தில் ரத்தமே இல்லை, வெளிறிய முடி மட்டும் கிடக்கிறது என்றால் தாழச் சுட்டிருக்கிறீர்கள். தரையை மட்டும் பார்க்காதீர்கள். இலையின் பக்கவாட்டில், மரப்பட்டையில், மான் உரசிப் போகும் உயரத்தில் பாருங்கள். தடத்தின் மேலே நடக்காமல் ஓரமாக நடங்கள், மிதித்து அழித்துவிட்டால் திரும்பி வந்து பார்க்க ஒன்றும் இருக்காது. ஒவ்வொரு துளியிலும் ஒரு துண்டு டிஷ்யூ வைத்துக்கொண்டே போங்கள். (கோப்பிக் கடையில் இடம் பிடிக்கும் அதே டிஷ்யூதான், நம் ஊர்க்காரர்களுக்கு இது கைவந்த கலை.) திரும்பிப் பார்த்தால் வெள்ளை வெள்ளையாக ஒரு கோடு தெரியும், மான் போகும் திசை புரிந்துவிடும்.

புக்கிட் பாத்தோக்: சுட்ட பிறகு எவ்வளவு நேரம் காத்திருக்கணும்?

இரண்டு பதில் மேலே.

குளுவாங் மாமா: தம்பி, நீங்கள் சொல்வது ஏட்டுச் சுரைக்காய். எங்கள் தாத்தா ஜொகூர் எஸ்டேட்டில் இருந்தவர். அடிபட்ட மானை உட்கார்ந்து வேடிக்கை பார்க்க மாட்டார், சூட்டோடு சூடாகத் துரத்திப் பிடிப்பார். உட்கார்ந்தால் மான் போயே போய்விடும்.

மாமா, தாத்தா தனியாகத் துரத்தினாரா, நாயோடா?

குளுவாங் மாமா: நாய் இல்லாமல் எவன் வேட்டைக்குப் போவான்? நான்கு நாய்.

அங்கேதான் இருக்கிறது விஷயம். நாய் துரத்தினால் மிளா ஓரிடத்தில் திரும்பி நின்று எதிர்க்கும், பெரும்பாலும் தண்ணீருக்குள் இறங்கி நிற்கும். செந்நாய்க்குப் பயந்து பயந்து வந்த பழக்கம் அது. மனிதன் துரத்தினால் நிற்காது, ஓடும். உங்கள் தாத்தா செய்தது அவருக்குச் சரி. செங்காங் அப்பாவிடம் நான்கு நாய் இல்லை, பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவன்தான் இருக்கிறான்.

குளுவாங் மாமா: கண்ணப்பர் என்ன உட்கார்ந்துகொண்டா இருந்தார்? பன்றியைத் துரத்தித்தானே கொன்றார்.

மாமா, அது வலையை அறுத்துக்கொண்டு ஓடிய பன்றி, அம்பு பட்ட பன்றி இல்லை. ஓடி ஓடிக் களைத்து ஒரு மரத்தடியில் நின்றதால்தான் கிடைத்தது. கூடவே அவருடைய ஆட்கள் நாணனும் காடனும் மூச்சு வாங்க ஓடினார்கள். என்னோடு என் முட்டிவலி மட்டும்தான் ஓடி வரும்.

ஜூரோங் வாலிபன்: மாமா சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. மழை வந்தால் ரத்தம் கழுவிப் போய்விடாதா?

போய்விடும், இது நல்ல கேள்வி. நுரை ரத்தத்தைக் கண்ணால் பார்த்துவிட்டு, வானமும் இருட்டிக்கொண்டு வந்தால் உடனே போகலாம். கால் மட்டும் உடைந்த மானையும் ரொம்ப நேரம் விடக் கூடாது, படுத்தால் ரத்தம் உறைந்து, தெம்பு வந்து எழுந்துவிடும் என்று அனுபவசாலிகள் சொல்வார்கள், நானும் அதை நம்புகிறேன். ஆனால் குடலில் பட்டதை மழைக்குப் பயந்து துரத்தினால் மழையிலும் கிடைக்காது, வெயிலிலும் கிடைக்காது. என் முதல் மானை அப்படித்தான் தொலைத்தேன். பத்து நிமிடம் பொறுக்க முடியவில்லை எனக்கு. மூன்று முறை எழுப்பிவிட்டேன், மூன்றாம் முறை அது ஆற்றைக் கடந்தது. இரண்டு நாள் தேடினோம். மாமா என்ன சொன்னாலும் இதில் நான் மாறப்போவதில்லை.

குளுவாங் மாமா: அனுபவம் இல்லாததால் தொலைத்தீர்கள். அதை ஒரு விதியாக்காதீர்கள்.

சரி மாமா. அடுத்த கேள்வி.

தோ பாயோ வாசி: என்எஸ்-இல் (தேசிய சேவையில்) எஸ்ஏஆர் 21 துப்பாக்கி சுட்டுப் பழக்கம், மார்க்ஸ்மன் பேட்ஜும் உண்டு. அது போதாதா?

அட்டைப் பலகை ஓடாது தம்பி. அந்த 5.56 குண்டால் மிளாவைச் சுடுவது விக்டோரியாவில் சட்டப்படியே தப்பு. குறைந்தது .270 காலிபர் (குண்டின் விட்டம், அங்குலத்தில்), 130 கிரெய்ன் எடையுள்ள குண்டு வேண்டும். சின்னக் குண்டால் சுடுவதால்தான் பாதி மான் தேடும் மானாகிறது.

அங் மோ கியோ அம்மா: எனக்கு வேட்டையே பிடிக்காது, அதை ஒளிக்கவில்லை. ஒரு குழந்தையை இதையெல்லாம் பார்க்க வைப்பது சரியா? அழ மாட்டாளா?

அழுதாள். நடந்ததைச் சொல்கிறேன், நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

மகளுக்கு அப்போது 13. அங்கே 12 வயதிலிருந்து சிறுவர் உரிமம் எடுக்கலாம், உரிமம் உள்ள பெரியவர் பக்கத்திலேயே இருக்க வேண்டும். ஜூன் மாதம், மாலை மூன்றரை. ஓடைக்கு எதிர்ப்பக்கம் ஒரு பெண் மிளா. அவள் விசையை இழுக்கும் நேரத்தில் அது ஒரு எட்டு முன்னால் வைத்தது. முதுகை வளைத்துக்கொண்டு, வாலை ஒடுக்கிக்கொண்டு, மரப்பெரணிகளுக்குள் நடந்தே போனது. ஓடவில்லை. எனக்கு வயிற்றைப் பிசைந்தது. மச்சான் "பக்கத்துலதான் கிடக்கும், வா" என்றார். நான் வேண்டாம் என்றேன். போய் அந்த இடத்தை மட்டும் பார்த்தோம், பச்சை கலந்த ரத்தம். அங்கே குளிர்காலத்தில் ஐந்து மணிக்கெல்லாம் இருட்டிவிடும். இரவில் மான் வேட்டை கூடாது, காட்டுக்குள் ஸ்பாட்லைட்டும் துப்பாக்கியுமாகத் திரிவதே குற்றம். காலையில் வரலாம் என்று திரும்பிவிட்டோம்.

கூடாரத்தில் அவள் தூங்கவில்லை. "அதுக்கு வலிக்குமாப்பா?" என்றாள். "வலிக்கும்" என்றேன். வேறென்ன சொல்வது? "இப்பவே போகலாமே" என்றாள். போனால் எழுந்து ஓடும், இன்னும் அதிக நேரம் வலிக்கும் என்றேன். அதற்கப்புறம் பேசவில்லை. அழுகை சத்தம் கேட்டது, கேட்காத மாதிரிப் படுத்திருந்தேன்.

காலையில் தடம் அறுபது மீட்டரில் அறுந்துபோனது. ஒன்றரை மணி நேரம் நானும் மச்சானும் சுற்றிச் சுற்றி வந்தோம். கண்டுபிடித்தது அவள்தான். பெரணி இலைகளை நாங்கள் மேலிருந்து பார்த்துக்கொண்டிருந்தோம், அவள் மண்டியிட்டு அடியில் நுழைந்து போனாள், இலையின் அடிப்பக்கம் தீற்றிய மாதிரி ஒரு கறை. அங்கிருந்து கீழே, ஓடைக் கரையில் கிடந்தது. உடல் விறைத்திருந்தது. எப்போது செத்தது என்று தெரியாது. வயிற்றுப் பக்கம் கெட்டுவிட்டது, இரண்டு தொடையும் முதுகுக் கறியும் மட்டும் தேறின. அவற்றைச் சுமந்து மேலே வர நான்கு மணி நேரம் ஆனது, அவளும் ஒரு பை சுமந்தாள்.

சரியா தப்பா என்று கேட்டால், வேட்டைக்கே கூட்டிப்போகாமல் இருப்பதில் எந்தத் தப்பும் இல்லை. ஆனால் கூட்டிப்போய்விட்டு, அடிபட்டதைத் தேடும்போது மட்டும் "நீ காரில் இரு" என்று சொல்வதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. இன்னொன்று, "நீ ஏன் அவசரப்பட்டாய்" என்று அன்றைக்குக் கேட்டுவிடாதீர்கள். அவளுக்கே தெரியும்.

செங்காங் அப்பா: கிடக்கும் மானைக் கண்டதும் பையனைக் கிட்டே விடலாமா?

விடாதீர்கள். முதலில் நீங்கள், முதுகுப் பக்கமாக. தலைப் பக்கமும் கால் பக்கமும் வேண்டாம், செத்ததென்று நினைத்த மிளாவின் ஓர் உதையில் எலும்பு முறியும். கண் திறந்தபடி நிலைத்திருந்தால் பெரும்பாலும் போய்விட்டது. மூடியிருந்தால் உயிர் இருக்கிறது. நீளமான குச்சியால் கண்ணைத் தொடுங்கள், இமை அசைந்தால் பின்வாங்கி இன்னொரு குண்டு. அந்த ஒரு தேவைக்குத்தான் மறுபடி தோட்டா போடுவது. அதுவரை சேம்பர் காலி. சொன்னேனே, மறுபடி சொல்வேன் என்று.

சிராங்கூன் சமையல்: கறியைச் சிங்கப்பூருக்குக் கொண்டு வரலாமா? மிளகு வறுவல் செய்ய ஆசை.

காட்டில் நாமே வெட்டிய கறிக்கு இங்கே அனுமதி கிடையாது, உணவு அமைப்பு ஏற்றுக்கொண்ட இடங்களிலிருந்து வருவதுதான் உள்ளே வரலாம். மச்சான் வீட்டிலேயே தின்றுவிட்டு வருகிறோம். ஈயத் தோட்டா என்றால் காயத்தைச் சுற்றி ஒரு சாண் வெட்டி எறியுங்கள், சிதறல் கண்ணுக்குத் தெரியாது, பிள்ளைகளுக்கு ஆகவே ஆகாது.

ஈசூன் ஓட்டுநர்: மண்டாய் சாலையில் மான் காரில் அடிபட்டுக் காட்டுக்குள் ஓடினால், நீங்கள் சொன்ன மாதிரித் தடம் பிடித்துப் போகலாமா?

போகாதீர்கள். காரை ஓரம் கட்டி, தேசியப் பூங்காக் கழகத்தைக் கூப்பிட்டு, எந்த விளக்குக் கம்பம் பக்கம் உள்ளே போனது என்று சொல்லுங்கள், அதன் எண்ணோடு. மனிதன் துரத்தும் பயமே மானின் தசையைக் கெடுத்துக் கொன்றுவிடக்கூடும், காயத்தில் பிழைத்ததும் அதில் பிழைக்காமல் போகலாம். விளக்குக் கம்பம்தான் உங்களுக்கு ரிப்பன்.

பாசிர் ரிஸ்: வணக்கம், இப்போதுதான் வந்தேன். மான் அடிபட்டால் எவ்வளவு நேரம்...

மேலே. மேலே. மேலே.

ஜூரோங் வாலிபன்: ஹைட்ரஜன் பெராக்சைடு தெளித்தால் ரத்தம் தெரியும் என்கிறார்களே?

நுரைக்கும், உண்மைதான். சிவந்த இலையா, ரத்தமா என்று சந்தேகம் வந்தால் ஒரு சொட்டு. காடு முழுக்கத் தெளித்துக்கொண்டு போகாதீர்கள்.

பொங்கோல் அக்கா: மகள் இப்போதும் சுடுகிறாளா?

இல்லை. அதற்குப் பிறகு துப்பாக்கியைத் தொடவில்லை, நானும் கேட்கவில்லை. ஆனால் ஒவ்வொரு முறையும் வருகிறாள். டிஷ்யூ பாக்கெட்டும் ரிப்பனும் அவள் பையில்தான் இருக்கும். போன வருடம் மச்சான் சுட்டுவிட்டு எழுந்தார், அவள் அவர் சட்டையைப் பிடித்து இழுத்து, "உட்காருங்க மாமா, இன்னும் அரை மணி நேரம்" என்றாள். உட்கார்ந்தார்.