பவளத் தொட்டியின் அடியில் எந்த மணல்?

கேள்வி: மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலத்தில் உப்புநீர்த் தொட்டி அமைக்கிறேன். மென்பவளங்களும் ஒரு ஜோடி க்ளவுன் மீன்களும் வளர்க்க ஆசை. கடையில் உடைத்த பவளத் துண்டுகளைத் தருகிறேன் என்கிறார்கள். நண்பரோ ராமேஸ்வரம் போகும்போது கடற்கரை மணலை அள்ளி வருவதாகச் சொல்கிறார். எது நல்லது?

பதில்: இரண்டும் வேண்டாம். 1 முதல் 2 மில்லிமீட்டர் பருமனுள்ள அரகோனைட் மணலை வாங்குங்கள். அரகோனைட் என்பது ஒருவகைச் சுண்ணாம்புக் கனிமம்.

நண்பரை முதலில் தடுத்துவிடுங்கள். கரை மணலில் என்ன கழிவு ஊறியிருக்கிறது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. அதைவிட முக்கியம், மன்னார் வளைகுடா பட்ட காயம். சுண்ணாம்புக்காகப் பல்லாண்டுகள் பவளப் பாறைகளை வெட்டி எடுத்த கடல் அது. விலாங்குச்சல்லி, பூவரசன்பட்டி என்ற இரண்டு தீவுகள் நீருக்குள் போய்விட்டன. இன்று பவளங்கள் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காவலில் இருக்கின்றன. கரை ஒதுங்கிய துண்டானாலும் தொடாதீர்கள். கடைக்காரர் தரும் பவளத் துண்டு எங்கிருந்து வந்தது என்றும் கேளுங்கள். பதில் தெளிவாக இல்லையென்றால் அதுவும் வேண்டாம்.

அந்தத் துண்டுகளில் வேறொரு தொல்லையும் உண்டு. இடைவெளிகளில் மீன் உணவும் கழிவும் இறங்கி அழுகும், அதனால் நீரில் நைட்ரேட் என்னும் கழிவுப் பொருள் ஏறும். சர்க்கரை போன்ற பொடி மணலோ அலை பம்பின் வேகத்தில் பறந்து பவளங்களின் மேல் படியும். நடுத்தர மணலில் இரண்டு தொல்லையும் குறைவு.

ஆழம் 3 சென்டிமீட்டர் போதும். உங்கள் தொட்டிக்கு ஏறக்குறைய 12 லிட்டர் மணல், அதாவது 18 கிலோ அளவில் தேவைப்படும். 10 சென்டிமீட்டருக்கு மேல் போட்டால் அடியில் ஆக்சிஜன் அற்றுப்போய், அங்கு வாழும் பாக்டீரியாக்கள் நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக மாற்றும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் பழைய படுகையைக் கிளறினால் ஹைட்ரஜன் சல்பைடு வெளியேறி மீன்களைக் கொல்லக்கூடும். முதல் தொட்டிக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன்.

'இந்த மணல் பி.எச். அளவைக் காக்கும்' என்று பையில் அச்சிட்டிருப்பார்கள். பி.எச். என்பது நீர் அமிலமா காரமா என்று காட்டும் எண். அதை நம்பிப் பரிசோதனையை விட்டுவிடாதீர்கள். பி.எச். 8.0 முதல் 8.3 வரை உள்ள தொட்டி நீரில் அரகோனைட் கரைவது சொற்பம். காரத்தன்மையை, அதாவது பி.எச். சரியாமல் தாங்கும் நீரின் திறனை, வாரந்தோறும் அளந்தே ஆக வேண்டும்.

பாறைகளைக் கண்ணாடித் தளத்திலேயே உறுதியாக அடுக்கிவிட்டுப் பிறகு மணலைப் பரப்புங்கள். மணல்மேல் நிற்கும் பாறை, மீன் குழி தோண்டினால் சரியும். உலர் மணலாக இருந்தால் நீர் தெளியும்வரை அலசுங்கள். உயிர் பாக்டீரியாக்களோடு ஈரமாக வரும் மணலை அலசக் கூடாது.

முதல் சில வாரங்களில் மணல்மேல் பழுப்புப் படலம் தோன்றும். டயட்டம் என்னும் நுண்பாசி அது. பெரும்பாலும் தானாகவே மறையும். பயந்துபோய் மணலை அள்ளி வெளியே கொட்டிவிடாதீர்கள்.