கஸ்தூரி மஞ்சள் பூசி முகம் எரியுதா?

அக்கா, களியக்காவிளையில வாங்கின கஸ்தூரி மஞ்சளை எலுமிச்சைச் சாற்றில் குழைச்சுப் பூசினதுல எரிச்சல், ரெண்டு நாளா முகத்துல மஞ்சக்கறையும் போகலன்னு எழுதியிருந்தீங்க.

முதல்ல எலுமிச்சையை விடுங்க. அதோட பி.எச். அளவு (எண் குறையக் குறைய புளிப்பு கூடுதல்னு அர்த்தம்) சுமார் 2தான், தோலுக்கு அது கடும் புளிப்பு. சாறு பட்ட இடத்துல வெயிலும் பட்டா புண்ணாகிக் கருத்துப்போகவும் செய்யும்.

நீங்க வாங்கினது கஸ்தூரி மஞ்சளே இல்லன்னு தோணுது. அசல் கிழங்கை ஒடிச்சா உள்ளே வெளிறின நிறம், கற்பூர வாசம் மூக்குல ஏறும். மஞ்சளுக்கு நிறம் கொடுக்கிற குர்குமின் அதுல கம்மி, அதனால கறை பிடிக்காது. பொடி பளிச்சுன்னு மஞ்சளா இருந்தாலே சந்தேகப்படணும். கேரள எல்லைக்கு அந்தப் பக்கம் மஞ்ஞக்கூவன்னு ஒரு கிழங்கு உண்டு, அதைத்தான் பல கடையில இந்தப் பேர்ல நிறுத்துக் கொடுக்காங்க. நானும் ஏமாந்தவதான், என் தலையணை உறை இன்னும் மஞ்சளாத்தான் கிடக்கு!

ஒரு சிட்டிகை பொடியில சுண்ணாம்புத் தண்ணி ஒரு சொட்டு விட்டுப் பாருங்க. ஆரத்தித் தண்ணி மாதிரி நல்லா செவந்தா குர்குமின் ஏகமா இருக்குன்னு அர்த்தம்.

குர்குமின் தண்ணியில கரையாது, எண்ணெயில கரையும். எரிச்சல் அடங்கினதும் தேங்காய் எண்ணெயைப் பஞ்சுல தொட்டு மெதுவாத் துடைங்க, சோப்பு போட்டுத் தேய்க்காதீங்க. கொப்புளமோ வீக்கமோ வந்தா தோல் டாக்டர்கிட்ட போயிடுங்க.

இனி எது பூசினாலும் முழங்கை மடிப்புல தடவி ஒரு நாள் பாருங்க. குழைக்கத் தயிர் போதும்.