சாணம், உமி, மல்லாட்டை ஓடு: இந்த மாதக் கடிதங்கள்

இரண்டு மாடு இருக்கிறது. 2 கன மீட்டர் சாண எரிவாயுக் கலன் கட்டலாமா? (குடியாத்தம்)

கட்டலாம், கேஸ்தான் வராது. தினமும் 50 கிலோ சாணம் வேண்டும், அதே அளவு தண்ணீரும். கட்டுத்தறி மாடு சுமார் 10 கிலோ போடும். மேயப் போகிற மாடு பாதியைக் கரம்பிலேயே விட்டுவரும். உங்களுக்கு 1 கன மீட்டரே இழுபறி.

மார்கழியில் சாண கேஸ் அடுப்பு மந்தமாக எரிகிறதே? (அணைக்கட்டு)

குளிர்தான். சாணத்தை வெதுவெதுப்பான தண்ணீரில் கரையுங்கள். சித்திரை வெயிலில் சரியாகிவிடும்.

உமிச் சாம்பலை எங்கே கொட்டுவது? (ஆற்காடு)

உமி எரிக்கும் கொதிகலன் வாங்கும் முன் கேட்டிருக்க வேண்டும். 1 டன் உமிக்கு 200 கிலோ சாம்பல், பெரும்பாலும் சிலிக்கா. செங்கல் சூளைக்காரர்களிடம் பேசுங்கள். ஏரியில் கொட்டாதீர்கள்.

மல்லாட்டை (நிலக்கடலை) ஓடு எங்கள் பக்கம் சும்மாவே கிடைக்கிறது. ஓட்டை அழுத்தி எரிகட்டியாக்கும் பிரிக்கெட் மெஷின், மணிக்கு 500 கிலோ, போட பாங்கு கடன் தர மறுக்கிறது. சிபாரிசு செய்வீர்களா? (கே.வி.குப்பம்)

மாட்டேன். இதில் நான் மேனேஜர் கட்சி.

அந்தச் 'சும்மா'வைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. தினம் 8 மணி நேரம், வருஷம் 300 நாள் ஓட்டினால் 1,200 டன் ஓடு வேண்டும். காயில் ஓடு 30 சதவீதம்கூடத் தேறாது. ஆக 4,000 டன் காய். மானாவாரியில் ஏக்கருக்கு 800 கிலோ என்றாலும் 5,000 ஏக்கர்! அதிலும் காயாகவே லாரி ஏறிப் போவதன் ஓடு உங்களுக்கு இல்லை. எண்ணிப் பார்த்தீர்களா?

பல வருஷம் முன்பு இப்படி ஒருவருக்குச் சிபாரிசு எழுதி மாட்டிக்கொண்டேன். மெஷின் வந்த மறுமாதமே காய் உடைக்கும் மில்காரர் ஓட்டு மூட்டைக்கு விலை வைத்தார். சூளைக்காரர் அதற்கு மேலே கொடுத்தார். மழைக்காலத்தில் வந்த ஒரு மூட்டையை நானே பிரித்துக் கையை உள்ளே விட்டேன்: மேலே சலசல, முழங்கை வரை போனதும் கை நனைந்தது. ஆடிக்குள் மெஷின் மேல் கோழி அடைந்தது.

எத்தனை தடவை எழுதுவது, ஈரம் பாருங்கள்! 20 சதவீத ஈரம் என்றால் டன்னுக்கு 200 லிட்டர் தண்ணீரைக் காசு கொடுத்து வாங்குகிறீர்கள். ஆறு மாதச் சரக்குக்கு எழுத்தில் ஒப்பந்தம், நனையாத கொட்டகை, இரண்டும் முடிந்தபின் எழுதுங்கள்.

மானியம் எவ்வளவு? (ஊர் இல்லை)

மாடு எத்தனை?

சாண கேஸ் அடுப்பு விட்டுவிட்டு எரிகிறது. (காட்பாடி)

குழாயில் தண்ணீர் தேங்கியிருக்கிறது. தாழ்ந்த இடத்தில் ஒரு வடிகுழாய் வைத்து வாரம் ஒருமுறை திறந்துவிடுங்கள். பீடியை அணைத்துவிட்டு.