பதில்: பிளெய்ன் ஹன்ட்டில் இடம் தவறுவது குறித்து

வணக்கம். இங்கிலாந்தில் உங்கள் ஊர்த் தேவாலயக் கோபுரத்தில் ஆறு மாதமாக மணியடிக்கப் பழகியும் ‘பிளெய்ன் ஹன்ட்’ (மணிகள் ஒலிக்கும் வரிசையில் ஒவ்வொரு மணியும் ஒவ்வோர் இடமாக முன்னிருந்து பின்னுக்கும், பிறகு மீண்டும் முன்னுக்கும் நகரும் அடிப்படை முறை) தொடங்கியதும் வரிசையில் உங்கள் இடம் தவறுகிறது என்றும், அதற்கெனப் பயிற்சி வகுப்பில் சேரலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். சேரலாம், ஆனால் மணிகள் ஒலிக்கும் எண்வரிசையை மனப்பாடம் செய்விக்கும் வகுப்பு இப்போது வேண்டாம் என்பது என் கருத்து.

வாய் மேல்நோக்கி நிற்கும் மணி ஒவ்வோர் இழுப்பிலும் ஏறத்தாழ முழு வட்டம் சுழல்வதால், அதன் வேகத்தை மாற்றுவது உச்சிச் சமநிலையை ஒட்டியே எளிதாகிறது. பின்னிடத்துக்கு நகரும்போது கயிற்றைச் சற்றுக் கூடுதலாக மேலேறவிட்டு மணியைத் தாங்கிப் பிடிக்கவும், முன்னிடத்துக்கு வரும்போது கயிற்றின் வால்முனையில் பிடியை மேலேற்றி விரைந்து இழுக்கவும் கை பழகாதவரை, எண்கள் தெரிந்திருந்தும் பயனில்லை. மணிநாக்கைக் கட்டி ஓசையின்றித் தனியே பழக வாய்ப்புத் தருவார்களா என்று உங்கள் பயிற்றுநரிடம் கேளுங்கள் (அக்கம்பக்கத்தாரும் மகிழ்வார்கள்).

மணியடிப்பு ஆசிரியர்களின் சங்கமான ‘ஏஆர்டி’ நடத்தும் ‘லேர்னிங் த ரோப்ஸ்’ திட்டம் 5 நிலைகள் கொண்டது. அதன் முதல் நிலை மணியைக் கட்டுப்படுத்துவது. இரண்டாம் நிலையில், அருகிலுள்ள இரு இடங்களுக்கிடையே மாறி மாறி அடிக்கும் ‘கெலைடோஸ்கோப்’ பயிற்சிகள் வருகின்றன. பிளெய்ன் ஹன்ட் அதற்குப் பிறகே. நீங்கள் அந்த இரண்டாம் நிலையிலிருந்து தொடங்குங்கள்.